ஒற்றை நல்லி

அவள் சமைத்த பானையிலிருந்து இதுவரை முப்பத்திரண்டு நல்லி எலும்புகள் வெளியே வந்திருந்தன. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். வருஷத்துக்கு ஒன்று, ஒரே ஒரு வருஷம் மட்டும் இரண்டு. அந்த முப்பத்திரண்டில் ஒன்றுகூட அவள் தட்டில் விழவில்லை.

போயும் போயும் ஒரு எலும்புக்காகவா என்று கேட்பவர்கள் அந்த வீட்டுப் பந்தியில் ஒருமுறையாவது உட்கார்ந்திருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு பெருநாள். அன்று மதியம் குடும்பம் முழுக்க ஒரே மேசையில். நடுவில் கறிப்பானை. பானைக்குள் எவ்வளவு கறி கிடந்தாலும் நல்லி எலும்பு மட்டும் ஒன்றுதான், சாண் நீளத்துக்கு. அவளுடைய மாமனார் லாரி ஓட்டியவர். வருஷத்துக்கு ஒரு ஆட்டுத்தொடை வாங்கத்தான் அவருக்கு முடிந்தது. தொடைக்கு ஒரு எலும்புதான் இருக்கும். அந்த ஏழ்மையை அவர் சட்டமாக்கிவிட்டார். பானையில் கரண்டியை விட்டுத் துழாவி, எலும்பைத் தூக்கிப் பிடித்து, சாறு சொட்டி முடியும் வரை ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். பிறகு, “இந்த வருஷம் இந்த வீட்டுக்காக யார் அதிகமா உழைச்சாங்களோ, அவங்களுக்கு” என்று சொல்லி ஒரு தட்டில் வைப்பார். வைத்த தட்டுக்காரர் எலும்பைத் தட்டி உள்ளே இருக்கும் மஜ்ஜையை விழவைக்கும் வரை மற்றவர்கள் வாயில் ஈ போனாலும் பேசக்கூடாது.

அந்தத் தட்டும் ஓசையை அவள் அடுப்படியிலிருந்துதான் கேட்டாள். எலும்பு மேசைக்கு வரும் நேரமும் ரொட்டி தீர்ந்துபோகும் நேரமும் எப்படியோ ஒன்றாகவே அமைந்துவிடும். “ரொட்டி!” என்று குரல் வரும். அவள் எழுந்து போவாள். கல்லில் ரொட்டியைத் திருப்பும்போது பின்னால் ‘டக், டக், டக்’ என்று கேட்கும். அதன் பிறகு யாரோ உறிஞ்சும் சத்தம்.

வேலையில் அவள் சோம்பேறி என்று சொல்ல யாராலும் முடியாது. ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவு. தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத நீளமான அறை. ஈரத் துணியை இரண்டு பெண்கள் ஒரு பக்கம் சூடான இஸ்திரி உருளைக்குள் கொடுக்க, கொதிக்கக் கொதிக்க வெளியே வருவதை மறுபக்கம் இரண்டு பெண்கள் வாங்கி மடிக்க வேண்டும். அவள் வாங்கி மடிக்கும் பக்கம். இருபது வயதில் நின்ற இடத்தில் ஐம்பத்தாறு வயதிலும் நிற்கிறாள். வலது முன்கையில் மூன்று சூட்டுத் தழும்புகள், அளவெடுத்துப் போட்ட மாதிரி. விரிப்பைத் தொட்டதும் எந்த வார்டு என்று சொல்லிவிடுவாள். பிரசவ வார்டுத் துணி அதிகம் துவைபட்டு இழை மெலிந்திருக்கும். கண் வார்டுத் துணி புதுசு மாதிரியே இருக்கும்.

கல்யாணப் பேச்சின்போது கணவனின் அக்கா அந்தத் தழும்புகளைத்தான் முதலில் பார்த்தாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை அவளுக்கு. தாயில்லாத வீட்டில் தம்பியை வளர்த்தவள், அதனால் எல்லோருக்கும் அவள் பெரியக்கா. வந்திருந்த உறவுக்காரர்களிடம், “ஆஸ்பத்திரியில இஸ்திரி போடுற பொண்ணு” என்றாள். ‘பொண்ணு’ ஒரு மாதத்தில் கழன்று விழுந்தது. ‘ஆஸ்பத்திரி’ ஒரு வருஷத்தில் விழுந்தது. மிச்சம் நின்றது ‘இஸ்திரி’. அதுதான் அந்த வீட்டில் அவள் பேர்.

ஒன்பதாவது வருஷம்தான் அந்த இரண்டு எலும்பு வருஷம். அதற்குள் வீட்டில் மூன்று பேர் சம்பாதித்தார்கள். கணவன் பூட்டுக்கடை போட்டிருந்தான். கறிக்கடைக்காரர் இரண்டு தொடையை நறுக்கிக் கொடுத்துவிட்டு, “நல்லி ரெண்டும் போடட்டுமா?” என்று சாதாரணமாகக் கேட்டார். அவளும் சாதாரணமாகவே, “போடுங்க” என்றாள். இரண்டு இருந்தால் இரண்டு பேருக்குக் கிடைக்குமே, அந்த இரண்டாவது ஆள் தானாக இருக்கலாமே என்ற ஒரு சின்ன ஆசை. அவ்வளவுதான் குற்றம்.

மாமனார் முதல் எலும்பைப் பெரியக்காவின் தட்டில் வைத்தார். பிறகு கரண்டியில் இன்னொன்று தட்டுப்பட்டது. அதைத் தூக்கினார். மேசை அமைதியானது. அடுப்படியில் இருந்தவளுக்கு அந்த அமைதியே கேட்டது. கையில் ரொட்டியோடு ஓடிவந்தாள்.

“இது யார் வேலை?”

“நான்தான் மாமா. வசதி இருக்கேன்னு...”

“ரெண்டு பேர் முதல்னா யாருமே முதல் இல்லன்னு அர்த்தம்” என்றார் மாமனார். எழுந்தார். ஜன்னல் வழியே கீழே பார்த்தார். தெருவில் படுத்திருந்த நாய்க்கு விசிலடித்தார். எலும்பைப் போட்டார்.

நாய் அதைக் கவ்விக்கொண்டு வாலாட்டியதை அவள் பார்த்தாள். கணவன் தட்டைப் பார்த்தான். பெரியக்கா மட்டும்தான் வாயைத் திறந்தாள். “சமைக்கிறவளுக்குப் பானையே சொந்தம். அவளுக்கு எலும்பு வேற எதுக்கு?” என்று சொல்லிவிட்டுத் தன் எலும்பை எடுத்தாள். அவளோ கருகும் ரொட்டியைக் காப்பாற்ற உள்ளே போனாள். டக், டக், டக்.

மாமனார் போய்ச் சேர்ந்து பதினாலு வருஷம் ஆகிறது. கரண்டி பெரியக்காவின் கைக்குப் போனது, பெருநாள் விருந்தும் பெரியக்கா வீட்டுக்கு மாறியது. மாறாதது சமையல்காரி மட்டும். காலையில் ஐந்து மணி பஸ் பிடித்து அங்கே போய்ச் சமைத்துக் கொடுத்தாள். பூட்டுக்கடை வாடகை இடத்திலிருந்து சொந்த இடத்துக்கு வந்த வருஷம் கணவனுக்கு எலும்பு கிடைத்தது. மகள் கையெழுத்துப் போட்டியில் ஜெயித்த வருஷம் ஏழு வயது மகளுக்கே கிடைத்தது. வாயெல்லாம் கொழுப்போடு அடுப்படிக்கு ஓடிவந்து, “அம்மா, வாசனை பாரு!” என்று ஊதிக் காட்டிவிட்டுப் போனாள். காய்ச்சல் பரவிய வருஷம், அவள் அறுபது நாள் இரண்டு ஷிப்ட் பார்த்தாள். வீட்டுக்கு வந்தால் தொற்றிக்கொள்ளும் என்று அந்தச் சலவை அறையிலேயே துணி மூட்டை மேல் தூங்கினாள். இந்தத் தடவை எலும்பு வேறு எங்கே போகும் என்று அவள் ரொட்டியை முன்கூட்டியே சுட்டு வைத்துவிட்டு மேசையில் உட்கார்ந்தாள்.

பெரியக்கா அதைத் தன் மகனுக்கு வைத்தாள். “பாவம், வீட்டுக்குள்ளயே உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்து முதுகு போச்சு பையனுக்கு.”

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். சுடுவதற்கு ஒன்றும் இல்லை. வெறுங்கல்லைச் சூடாக்கிக்கொண்டு நின்றாள்.

இந்த வருஷம் பெருநாளுக்கு மூன்று வாரம் முன்னால் பெரியக்காவிடமிருந்து போன் வந்தது. கால் பெருவிரல் தக்காளி மாதிரி வீங்கிவிட்டது, மூட்டு வாதம், டாக்டர் கறியைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்றுவிட்டார், நின்றுகொண்டு எதையும் பார்க்க முடியாது.

“இந்த வருஷம் உன் வீட்டுல வச்சுக்கோ” என்றாள். அதைச் சொல்ல அவளுக்குப் பல்லைப் பிடுங்கிய வலி என்பது போனிலேயே தெரிந்தது.

“கரண்டி?” என்றாள் இவள்.

“என்ன கரண்டி?”

“யாரு பிடிப்பாங்க?”

“யார் வீட்டுப் பந்தியோ அவங்கதான். அப்பா வச்ச முறை. எனக்கு முறை தெரியும்டி, நீ சொல்லித் தர வேணாம்.”

போனை வைத்துவிட்டு அவள் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தாள். யார் தட்டில் வைக்கலாம் என்று யோசிக்கவே இல்லை. அதை முப்பத்தோரு வருஷமாக யோசித்துவிட்டாள். கரண்டியைத் தூக்கிப் பிடித்து, பெரியக்காவின் கண்ணை நேராகப் பார்த்து, தன் தட்டிலேயே வைத்துக்கொள்வாள். அதன் பிறகு யார் ‘ரொட்டி’ என்று கத்தினாலும் எழுந்திருக்க மாட்டாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்தான் நீடித்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை வேலை, தனியாக ஒரு அறை எடுத்து இருக்கிறாள், நாலு வருஷமாகக் கறி தொடுவதில்லை. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

“அம்மா, நீ இந்த வருஷம் ஒண்ணும் செய்ய வேணாம். எல்லாம் முடிவாயிடுச்சு.”

“யார் முடிவு பண்ணா?”

“நாங்க மூணு பேரும். போன்ல ஒரு குழு வச்சிருக்கோம்.” மூன்று பேர் என்றால் மகள், பெரியக்காவின் மகன், அவன் மனைவி. “ஆளுக்கு ஒண்ணு சமைச்சு எடுத்துட்டு வரோம். கறி கிடையாது. அத்தைக்கு டாக்டர் வேணாம்னுட்டாரு, எனக்கு வேணாம், அண்ணிக்கு அந்த வாடையே ஆகாது. அப்புறம் யாருக்கு அந்தப் பானை?”

“எனக்கு.”

மகள் சிரித்தாள். “நீ எப்பம்மா கறி சாப்பிட்டிருக்க? நீ எப்பவும் அடுப்படியிலதான நிப்ப?”

அவளுக்கு உள்ளே எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்தது. “நான் ஏன் அடுப்படியில நின்னேன்னு ஒருநாளாவது கேட்டியாடி?”

“பாத்தியா, இதுதான். உன்னை உட்கார வைக்கத்தான் இவ்வளவும் பண்றோம், அதுக்கும் கோவம். முப்பது வருஷம் அடிமை மாதிரி வெந்துட்டு, விடுன்னா விட மாட்டேங்குற.”

“அடிமைன்னு சொன்ன வாயிலதான் ஏழு வயசுல நல்லி ஒழுகுச்சு.”

“அப்ப எனக்கு விவரம் தெரியாது.”

“இப்ப தெரிஞ்சிடுச்சா?”

அரைமணி நேரம் நடந்தது. பக்கத்து வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு இந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். கடைசியில் மகள், “பானை இருந்தா நாங்க மூணு பேரும் வரல” என்றாள். பெரியக்காவை அழைத்துவருவது அவள் மகன்தான். அவன் வராவிட்டால் பெரியக்கா வர மாட்டாள். பெரியக்கா பார்க்காமல் அந்த எலும்பைத் தின்பதும் ஒன்றுதான், மண்ணைத் தின்பதும் ஒன்றுதான்.

“சரி” என்றாள் அவள்.

அந்தச் ‘சரி’யில் மகள் ஏமாந்தாள். கணவன் ஏமாறவில்லை. அவனுக்கு அறுபது வயது, பூட்டுக்காரர் என்றால் தெருவுக்கே தெரியும். எந்தப் பூட்டையும் இரண்டு நிமிஷத்தில் திறப்பான், வாயை மட்டும் திறக்க மாட்டான். வீடு மாடியில், கடை கீழே. பெருநாளன்று கடைக்கு விடுமுறை. டீ போட அங்கே ஒரு மின்சார அடுப்பு உண்டு.

“கடைச் சாவி குடுங்க” என்றாள்.

“எதுக்கு?”

“கேள்வி கேக்காம குடுங்க. இத்தனை வருஷம் கேக்கலையே, இப்ப மட்டும் என்ன?”

கொடுத்தான்.

அப்படித்தான் பெருநாள் விடியலில், இழுத்து மூடிய ஷட்டருக்குப் பின்னால், சுவரெல்லாம் தொங்கும் நூற்றுக்கணக்கான சாவிகளுக்கு நடுவில், ஒரு கறிப்பானை மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் சாவி வெட்டும் இயந்திரத்தின் மேல் வெங்காயம் நறுக்கினாள். எலும்பை ஒன்றுதான் வாங்கினாள். கறிக்கடைக்காரர் இப்போது பழையவரின் மகன். அவனும், “நல்லி ரெண்டு போடட்டுமா அக்கா?” என்றுதான் கேட்டான். “ஒண்ணு போதும். ரெண்டு போட்டா எனக்கு ராசி இல்ல” என்றாள்.

பதினொரு மணிக்கு மேலே எல்லோரும் வந்துவிட்டார்கள். பெரியக்கா மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறி, வீங்கிய காலுக்கு ஒரு நாற்காலி, தனக்கு ஒரு நாற்காலி என்று மேசையின் தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். மேசை விரிப்பைப் பார்த்தாள். கத்தி மாதிரி மடிப்பு, மூலைகள் ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி இழுத்துச் செருகியிருந்தன.

“என்ன இஸ்திரி, இன்னைக்கு யாருக்கு ஆபரேஷன்?”

“இன்னும் முடிவு பண்ணல அண்ணி. படுத்துப் பாக்குறீங்களா?”

டப்பாக்கள் திறந்தன. மகள் கீரையும் பயறும் கலந்து ஏதோ செய்திருந்தாள். பெரியக்காவின் மருமகள் விதைகளைக் கொண்டுவந்திருந்தாள், அவளுக்கு மணி பன்னிரண்டு ஆகாமல் வாயில் தண்ணீர் தவிர எதுவும் போகாது. மகன் ஒரு தட்டைப் பெருமையோடு நடுவில் வைத்தான். “சோயாவுல செஞ்சது. கறி மாதிரியே இருக்கும், ஆனா கறி இல்ல.”

“உங்க அப்பாவும் அப்படித்தான்” என்றாள் பெரியக்கா. “மனுஷன் மாதிரியே இருந்தாரு.”

எல்லோரும் அவரவர் டப்பாவிலிருந்து அவரவர் தட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். யாரும் யாருக்கும் பரிமாறவில்லை. ஒரே மேசையில் ஆறு பேர் ஆறு ஊர் பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள். பெரியக்கா கீரையைக் கரண்டியால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“பானை எங்க?” என்றாள்.

“பானை இல்ல அத்தை, இந்த வருஷம்” என்றாள் மகள்.

பெரியக்காவின் பார்வை இவள் பக்கம் திரும்பியது. “கரண்டி கேட்டியேடி அவ்வளவு ஆசையா. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலையா?”

இவள் பதில் சொல்ல வாயெடுக்கும் முன் மகள் எழுந்து கண்ணாடி டம்ளரைத் தட்டினாள். “எல்லாரும் கேளுங்க. பானைதான் இல்ல, முறையை விடல. இந்த வருஷம் அதிகமா உழைச்சது யாருன்னு நாங்க குழுவுல ஓட்டு எடுத்தோம். மூணுக்கு மூணு ஓட்டு. ஒரே ஆளுக்கு!” கைக்குப் பின்னால் ஒளித்திருந்த பொட்டலத்தை நீட்டினாள். மினுமினுக்கும் தாள், சிவப்பு ரிப்பன். “அம்மாவுக்கு!”

பூட்டுக்காரர் கை தட்டினார். இளையவர்கள் மூவரும் தட்டினார்கள். அவளுக்குக் காது அடைத்தது. முப்பத்தோரு வருஷம். ரிப்பனை அவிழ்த்து, தாளை மடிப்புக் கலையாமல் பிரித்தாள்.

உள்ளே ஒரு எலும்பு இருந்தது. ரப்பர் எலும்பு. இளஞ்சிவப்பு நிறம், இரண்டு முனையிலும் குமிழ். அவள் பிடித்த பிடியில் அது ‘கீச்’ என்றது. அடியில் கடைக்காரர் ஒட்டிய சீட்டு இன்னும் கிழிக்கப்படாமல் இருந்தது: நடுத்தர நாய்களுக்கு.

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு பெரியக்கா சிரிக்கத் தொடங்கினாள். வீங்கிய கால் நாற்காலியில் குதிக்க, கண்ணில் நீர் வர, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “நாய்க்கு... ஐயோ... அப்பா இருந்து பாக்கணும்! நாய்க்குப் போனது இருபத்து மூணு வருஷம் கழிச்சு இவகிட்ட வந்திருக்குடா!”

“என்ன? நல்லாத்தானே இருக்கு?” என்றான் மகன். “எங்கயும் எலும்பு பொம்மை கிடைக்கல. நாய்க் கடையிலதான் இருந்துச்சு. தமாஷுக்கு...”

அவள் எழுந்தாள். “ரொட்டி எடுக்கப் போறியாம்மா?” என்று மகள் பழக்கத்தில் கேட்டாள். படியிறங்கும் சத்தம் கேட்டது. ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது படிகளில் அவளுக்கு முன்பே கறிவாசனை ஏறி வந்தது. பெரியக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது.

பானையை அவள் சோயாத் தட்டின் மேலேயே வைத்தாள். தட்டு நெளிந்தது.

“அம்மா! நீ சரின்னு சொன்ன!”

“சொன்னேன்.”

“பொய் சொன்னியா?”

“ஆமா. நீ பரிசுன்னு சொல்லல? அந்த மாதிரி.”

“அது வெறும் விளையாட்டும்மா! அதுக்கு ஏன் இப்படி...”

அப்போதுதான் பூட்டுக்காரர் வாயைத் திறந்தார். “உங்கம்மா ஒருதரம் பானையில ரெண்டு எலும்பு போட்டா. ரெண்டாவதை உங்க தாத்தா ஜன்னல் வழியா நாய்க்குப் போட்டாரு. நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தோம்.” சொல்லிவிட்டுத் திரும்பவும் பூட்டிக்கொண்டார்.

மகளின் முகம் சிவந்தது. வெட்கத்தில் தொடங்கிய சிவப்பு கோபத்தில் போய் முடிந்தது. “இதை யாராவது எங்ககிட்ட சொன்னீங்களா? எங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களே எல்லாத்தையும் வாய்க்குள்ள வச்சுப்பீங்க, அப்புறம் நாங்க மிதிச்சிட்டோம்னு கத்துவீங்க!” பெரியக்காவின் மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் போனாள். அவள் போனில் மணி அடித்தது. பன்னிரண்டு. யாரும் சாப்பிடவில்லை.

அவள் கரண்டியைப் பானைக்குள் விட்டாள். துழாவ வேண்டிய தேவையே இல்லை. எலும்பு எங்கே கிடக்கிறது என்று அதைப் போட்டவளுக்குத் தெரியும். தூக்கிப் பிடித்தாள். சாறு சொட்டியது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் பெரியக்கா முகத்தில் வந்து நின்றாள்.

“இந்த வருஷம்னு இல்ல” என்றாள். “முப்பத்தோரு வருஷத்துக்கும் சேர்த்து.”

எலும்பைத் தன் தட்டில் வைத்தாள். உட்கார்ந்தாள்.

பிறகு அதை எடுத்துத் தட்டினாள். டக். ஒன்றும் விழவில்லை. டக், டக். ஒன்றும் விழவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினாள். பீங்கான் தட்டின் ஓரம் சில்லு தெறித்தது. ஓசையை மட்டும் கேட்டு வளர்ந்த கை அது, தட்டத் தெரியவில்லை. கழுத்து வியர்த்தது. சலவை அறையில் நூற்றுக்கணக்கான விரிப்புகளை மூச்சு வாங்காமல் மடிப்பவள், ஒரு சாண் எலும்பின் முன் மூச்சு வாங்கினாள்.

“நேராப் பிடிச்சா எந்தக் காலத்துலடி விழும்?” என்றாள் பெரியக்கா. எரிச்சல் தாங்காத குரல். “சாய்ச்சுப் பிடி. மணிக்கட்டால தட்டு, தோளால இல்ல. துணி துவைக்கிறியா?”

“எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்ச லட்சணம்தான் தட்டுல தெறிக்குதே.”

அவள் சாய்த்துப் பிடிக்கக் கூடாது என்று நினைத்தாள். கை தானாகச் சாய்ந்தது. டக். பாதி மஜ்ஜை வழுக்கிக்கொண்டு தட்டில் விழுந்தது, பழுப்பாக, நடுங்கிக்கொண்டு.

பெரியக்காவின் கை மேசைமேல் ஒரு விரல்கடை முன்னால் வந்தது. அவளுக்கே தெரியாமல் வந்திருக்கும். இவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“உங்களுக்குத்தான் டாக்டர் வேணாம்னுட்டாரே அண்ணி.”

வாயில் போட்டாள். கொழுப்பு. வெறும் கொழுப்பு. மெழுகுவத்தியை நக்கினது மாதிரி நாக்கின் மேல் ஒட்டியது. இதற்குத்தானா? இதற்கா வெறுங்கல்லைச் சூடாக்கிக்கொண்டு நின்றோம்? விழுங்கினாள். எதிரே பெரியக்கா எச்சில் விழுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. முப்பத்தோரு வருஷத்தில் அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த மிக நல்ல சத்தம் அதுதான்.

“எப்படி இருக்கு?” என்றான் மகன், எதையாவது சொல்லிச் சமாதானம் பண்ண நினைத்து.

“அமிர்தம்” என்றாள்.

டப்பாக்கள் பாதி நிறைவாகவே மூடிக்கொண்டன. மகள் பாத்திரம் கழுவ வந்தாள். “வேணாம், நீ தொட மாட்டியே” என்று அவளை விரட்டினாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடாதே” என்றாள். “கூப்பிடாமத்தானே இந்த வருஷம் எல்லாத்தையும் முடிவு பண்ணின” என்றாள் இவள். மகள் ரப்பர் எலும்பைக் கைப்பையில் திணித்துக்கொண்டு போனாள். போகும் வழியெல்லாம் அது படியில் கீச் கீச் என்றது.

பெரியக்கா கடைசியாக எழுந்தாள். மகன் வண்டி கொண்டுவரக் கீழே போயிருந்தான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள்.

“அமிர்தமாம்” என்றாள். “உப்பு வைக்காம தின்னா நல்லி வெறும் கொழுப்புடி. எலும்பு வாயில ஒரு கிள்ளு உப்பை வச்சு, அரை நிமிஷம் விட்டு, அப்புறம் தட்டணும். அப்பா எனக்குச் சொல்லிக் குடுத்தது. பொய் சொல்றதையாவது தெரிஞ்சு சொல்லு.”

இவளுக்குக் காதுவரை எரிந்தது. “அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“நீ கேட்டியா?”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?”

பெரியக்கா யோசித்தாள். நேர்மையாகவே யோசித்தாள். “மாட்டேன்” என்றாள். படியில் ஒவ்வொரு அடிக்கும் முனகிக்கொண்டே இறங்கிப் போனாள்.

அவள் கதவைச் சாத்தினாள். மேசைக்கு வந்தாள். சில்லு போன தட்டில் எலும்பு கிடந்தது. கணவன் பானைக்குள் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. எலும்பைத் தூக்கி ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தாள். பாதி இன்னும் இருந்தது.

அடுப்படிக்குப் போய் உப்புக் கிண்ணத்தை எடுத்துவந்தாள். ஒரு கிள்ளு வைத்தாள். அரை நிமிஷம் விட்டாள். சாய்த்துப் பிடித்து, மணிக்கட்டால், ஒரே ஒரு தட்டு.

நன்றாக இருந்தது. மிக நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக ஆத்திரத்தைக் கிளப்பியது.